சுவர் துடிப்பது போலத் தெரிவது பிரமையா?

கேள்வி: எனக்கு வயது 34. சில மாதங்களாக, ராத்திரி படுத்துக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அது லேசாகத் துடிப்பது போலத் தெரிகிறது. நாடி பிடித்துப் பார்த்தேன், இரண்டும் ஒத்துப்போகிறது. சட்டென்று எழுந்தால் ஓரிரு நொடி கண் இருட்டுகிறது. கண் டாக்டர் விழித்திரை, பார்வை நரம்பு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். வீட்டில் பிரமை என்கிறார்கள். இதயத்தில் கோளாறா?

பதில்: பிரமை இல்லை. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் நாடியைத்தான். ஒவ்வொரு துடிப்பிலும் விழித்திரைக்குள் ரத்தம் பாய்கிறது. வெளிர்நிறப் பரப்பை அசையாமல் பார்த்தால் அந்த அதிர்வு சிலருக்குத் தெரியும். நீல வானத்தில் சின்ன வெள்ளைப் புள்ளிகள் துறுதுறுவென்று ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அவை விழித்திரையின் நுண்குழாய்களில் போகும் வெள்ளை அணுக்கள். துடிப்புக்கு ஏற்ப அவற்றின் வேகமும் ஏறி இறங்கும்.

ஒரு நாளில் இதயம் ஏறக்குறைய 1 லட்சம் தடவை துடிக்கிறது. அப்படியிருந்தும் இது எப்போதும் நம் கண்ணில் படுவதில்லையே, ஏன்? இதயம் சுருங்கும்போதெல்லாம் பெருந்தமனியும் கழுத்துத் தமனியும் விரிகின்றன. அங்குள்ள அழுத்த உணரிகள் மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. அதனால் அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று மூளைக்குத் தெரியும். அதோடு சேர்ந்து வருவதை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 150 பேருக்கு மேல் வைத்து இதைச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். துடிப்புக்கு ஒத்து மினுங்கிய உருவம், ஒத்துப்போகாமல் மினுங்கிய உருவத்தைவிடத் தாமதமாகவே கண்ணுக்குத் தெரிய வந்தது. மூளைக்குள் புதைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி இந்த வடிகட்டலில் பங்கெடுப்பது ஸ்கேனில் தெரிந்தது.

அதற்கு முன்பே, 2014-இல், பாரிஸில் இன்னொரு ஆய்வு. மிக மங்கலான ஒரு வளையத்தைக் காட்டினார்கள். அதற்குச் சற்று முன் வந்த இதயத்துடிப்புக்கு மூளை வலுவாகப் பதில் கொடுத்திருந்தால், வளையம் கண்ணில் படும் வாய்ப்பு கூடியது. அழகான ஆய்வு. ஆனால் இதை வைத்து ‘இதயம்தான் பார்க்கிறது’ என்று சுற்றும் வீடியோக்களை நம்ப வேண்டாம். இந்த வித்தியாசம் மிக நுண்ணியது, அன்றாடப் பார்வையில் உணரவே முடியாது.

உங்கள் விஷயத்தில், ராத்திரி அமைதியில் கவனம் முழுவதும் துடிப்பின் மேல் போகிறது. பயம் வந்தால் இதயம் வேகமாக அடிக்கும், அப்போது சுவரும் பலமாகத் துடிக்கும், அதைப் பார்த்து இன்னும் பயம். நாடி பிடித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள், பாதி குறையும்.

கண் இருட்டுவது வேறு விஷயம். கண்ணுக்குள் இயல்பாகவே 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை அழுத்தம் உண்டு. ரத்தம் அதை மீறித்தான் உள்ளே போக வேண்டும். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் முதலில் தடுமாறுவது விழித்திரைதான். அதனால்தான் நினைவு தப்பாமலே கண் மட்டும் இருட்டுகிறது. தண்ணீர் குறைவாகக் குடிப்பது, ரத்தசோகை, சில மாத்திரைகள் இதற்குக் காரணமாகலாம்.

ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியது போலப் பார்வை மறைந்தால், சில நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்துத் தமனியிலிருந்தோ இதயத்திலிருந்தோ ரத்தக் கட்டி வந்திருக்கலாம். பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். தலைவலியுடன் காதில் துடிப்புக்கு ஏற்ப இரைச்சல், குனிந்தால் பார்வை மங்குவது, ஒழுங்கற்ற படபடப்பு, மயங்கி விழுவது, இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

இப்போதைக்கு ஒரு ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனை போதும். ரத்த அழுத்தத்தைப் படுத்திருக்கும்போது ஒரு தடவையும், எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் இன்னொரு தடவையும் அளக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்றால், நின்ற நிலையிலும் பார்க்கும்படி தயங்காமல் கேளுங்கள்.