காமா பிரைம் பீக் ஏன் தனியாகத் தெரிவதில்லை?

நிக்கல் உலோகக்கலவையில் காமா பிரைம் வீழ்படிவு (உலோகத்துக்குள் உருவாகும் நிக்கல்-அலுமினியச் சேர்மத்தின் நுண்துகள்கள்) நிறைய இருந்தும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் (diffraction) அதற்கெனத் தனி பீக் (வரைபட முகடு) வரவில்லை என்கிறீர்கள். பீக் இருக்கிறது, காமாவின் (இந்தத் துகள்களைச் சூழ்ந்திருக்கும் அடிப்படை நிக்கல் உலோகத்தின்) பீக்கோடு ஒட்டிக்கிடக்கிறது. இரண்டின் அணிக்கோவை அளவும் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் கனசதுரத்தின் பக்க நீளம்) பெரும்பாலும் அரை சதவீத வித்தியாசத்துக்குள்தான்.

சரி, எப்படிப் பிரிப்பது? காமா பிரைமில் அலுமினியம் கனசதுர மூலைகளிலும் நிக்கல் முகமையங்களிலும் ஒழுங்காக அமர்கின்றன. காமாவில் இந்த ஒழுங்கு இல்லை. அதனால் காமாவில் வரவே வராத 100, 110 பீக்குகள் (எண்கள் படிகத் தளங்களைக் குறிப்பவை) இதில் வரும். செம்புக் கதிரில் (செம்பு இலக்கிலிருந்து வரும் எக்ஸ்-கதிரில்) 100 பீக் 2θ கோணத்தில் சுமார் 25 டிகிரியில் இருக்கும். ரொம்ப மங்கல், அந்த இடத்தை மட்டும் மெதுவாக ஸ்கேன் செய்யுங்கள்.

காமா பிரைமை அல்ல, கார்பைடுகளைத்தான் (உலோகமும் கார்பனும் சேர்ந்த துகள்களை) தேடுகிறீர்கள் என்றால், மாதிரியை ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த மெத்தனாலில் மின்னாற்பகுப்பு செய்து, எஞ்சும் பொடியை அளப்பதே மேல். அந்தக் கரைசலில் காமாவோடு காமா பிரைமும் கரைந்துவிடும்.