பள்ளிக்குள் லைட்டா, கண்ணுக்குள் லைட்டா?

கேள்வி: எங்கள் பள்ளிவாசலைப் பெரிதாகக் கட்டி முடித்திருக்கிறோம். கீழும் மேலுமாக இரண்டு தட்டு, நடுவில் பெரிய குப்பா, அதாவது குவிமாடம். சுவரைச் சுற்றிவர 50 வாட்ஸ் எல்.ஈ.டி. ஃப்ளட் லைட் பூட்டினோம். பகல் மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் வயதானவர்கள் கண் கூசுகிறது என்கிறார்கள், குர்ஆன் ஓதுபவர்கள் எழுத்து ஆடுகிறது என்கிறார்கள். இன்னும் லைட் கூட்டவா, குறைக்கவா?
– நம்பிக்கையாளர் சபை உறுப்பினர் ஒருவர், நிந்தவூர்

பதில்: கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் காக்கா, இடத்தை மாற்றுங்கள். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நாலாவது ஸப்பில் (தொழுகை வரிசையில்) போய் உட்கார்ந்து பாருங்கள். மிம்பரில் (பிரசங்க மேடையில்) நிற்கும் மௌலவியைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் அவர் முகம் தெரிகிறதா, இல்லை தொழும் திசையிலுள்ள கிப்லாச் சுவரில் நீங்கள் பூட்டிய லைட்தான் தெரிகிறதா? தொழும்போது எல்லோரும் நெற்றி வைத்து ஸுஜூது செய்யும் இடத்தைப் பார்த்துக் குனிந்து நிற்பதால் கூச்சம் தெரியாது, குத்பா பிரசங்கத்தில்தான் மாட்டிக்கொள்வோம். நானும் ஒரு காலத்தில் இதே வேலையைச் செய்தவன். இமாம் நிற்கும் மிஹ்ராப் மாடத்துக்கு இரண்டு பக்கமும் ஃப்ளட் லைட் பூட்டிவிட்டுப் பெருமையாக நின்றேன். அடுத்த ஜும்ஆவில் முதல் ஸப்பில் இருந்த ஒரு முதியவர் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு குத்பா கேட்டார். அஸருக்கு முன்னமே ஏணி வைத்துக் கழற்றிவிட்டேன்.

எழுத்து ஆடுவதற்குப் பெரும்பாலும் ஃபேன்தான் காரணம். லைட் மேலே, ஃபேன் கீழே என்றால் ஒவ்வொரு இறக்கையும் வெளிச்சத்தை வெட்டிவிட்டுப் போகும், அந்த நிழல் குர்ஆன் பக்கத்தில் ஓடும். ஃபேனை நிறுத்திப் பாருங்கள். ஆட்டம் நின்றால் லைட்டை இரண்டு ஃபேனுக்கு நடுவில், இறக்கை மட்டத்துக்குக் கீழே இறக்கித் தொங்க விட வேண்டும். நிற்கவில்லையா, லைட்டுக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் மலிவுச் சாமான். போன் கமெராவை லைட்டுக்கு நேரே பிடித்தால் கறுப்புக் கோடுகள் ஓடுவதே தெரியும்.

இனிக் குப்பா. அதை வெறும் அழகுக்கு என்று விட்டுவிடாதீர்கள், அதுதான் உங்களிடம் இருக்கிற பெரிய லைட். குப்பா தொடங்கும் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குத் திண்டு இருந்தால் அதற்குப் பின்னால் எல்.ஈ.டி. வரிசையை மறைத்து வைத்து மேல் நோக்கி அடியுங்கள். வெளிச்சம் வளைவில் பட்டுத் திரும்பி, நிழலில்லாமல், ஆறுதலாகக் கீழே இறங்கும். ஆனால் உள்ளே மினுங்கும் பெயின்ட் அடித்திருந்தால் பல்புகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்து அசிங்கமாகிவிடும், மினுக்கமில்லாத பெயின்ட்தான் சரி. குப்பா உச்சியில் ஒரு லைட்டைத் தொங்கவிட்டால் போதும் என்று உங்கள் வயர்மன் சொல்வார். சம்மதிக்காதீர்கள். 10 அடியில் இருந்த லைட்டை 20 அடிக்கு ஏற்றினால் கீழே விழும் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும்.

தொழுகைக்கு 100 முதல் 150 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாராளம். ஓதும் இடத்துக்கு மட்டும் 300 வேண்டும். அளக்கப் போனில் ஒரு செயலியே போதும், கணக்குத் துல்லியமாக வராது, இந்த வேலைக்கு அது காணும். பெட்டியில் 6500கே (நீலம் கலந்த வெள்ளை) என்று இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு 3000கே (மஞ்சள் கலந்தது) வாங்குங்கள். அதற்கு அழகு மட்டும் காரணமில்லை. ஐப்பசி மழை விட்டதும் அந்தி மஃரிபுக்கு ஈசல் வருமே, நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்துக்குத்தான் பூச்சி கூடுதலாக இழுபடும். ஸுஜூதிலிருந்து எழும்பினால் நெற்றியில் இறகு ஒட்டியிருப்பது உங்களுக்கும் பழக்கம்தானே.

இன்னுமொன்று, அதிகாலை சுபஹுக்கு ஒன்றரை ஸப்புத்தான் வரும், அதற்கு முழுப் பள்ளியும் எரிகிறது. சுவிட்சுகளை ஸப்பு வாரியாகப் பிரியுங்கள். கட்டிடத்தின் நீளத்தைப் பார்த்து வயர் இழுத்துவிட்டால் இது நடக்காது, பிளாஸ்டர் பூசுவதற்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டும். சரி, இப்போதாவது கேட்டீர்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரர் பெரிய சரவிளக்கு ஒன்று வக்ஃபாக (பள்ளிக்கான தருமமாக) தருகிறார். அபூதாபிப் பள்ளியில் இருப்பது போல உயரத்தில் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. போடலாமா?
– வாசகி, காத்தான்குடி

பதில்: அபூதாபி ஷேக் ஸாயித் பள்ளியின் பெரிய சரவிளக்கு 10 மீற்றர் விட்டம், 15 மீற்றர் உயரம். அந்த மண்டபமே அந்த அளவில் கட்டியது, நம் கூரைக்கு அது கணக்கில்லை. அங்கே எனக்குப் பிடித்தது வெளியே போட்ட வெளிச்சம்தான். ஸ்பியர்ஸ் அன்ட் மேஜர் என்ற நிறுவனம் அதைப் பிறைக் கணக்கில் செய்திருக்கிறது, பௌர்ணமியில் சுவர் வெள்ளையாக இருக்கும், நிலா தேயத் தேய நீலமாகும்.

சரவிளக்குக்கு நான் பார்க்கச் சொல்வது இஸ்தான்புல் சுலைமானியா. உஸ்மானியக் கட்டிடக் கலைஞர் ஸினான் 1557இல் முடித்த பள்ளி. உயரத்திலிருந்து கம்பிகள் இறங்கி, பெரிய வளையங்களில் விளக்குகள் ஆட்களின் தலைக்குக் கொஞ்சம் மேலேதான் தொங்கும். அது எண்ணெய் விளக்குக் காலத்து ஏற்பாடு, கையால் ஏற்ற வேண்டும், எண்ணெய் விட வேண்டும், அதனால் தாழ இருந்தது. வெளிச்சமும் ஆட்களுக்குப் பக்கத்தில் வந்தது. அந்த விளக்குகளின் கரியைக் காற்றோட்டத்தால் வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்கு இழுத்து, அதில் மை செய்தார்கள்.

ஆகவே வாங்குங்கள், ஆனால் வளையம் அகலமாக, தாழ. மேல் தட்டில் தொழும் பெண்களுக்கு மிம்பர் மறையாத உயரமா என்று நீங்களே மேலே போய் நின்று பார்த்துச் சொல்லுங்கள், கமிட்டிக்கு அது தோன்றாது. பாரத்தை பீம் தாங்குமா என்று கட்டிட எஞ்சினியரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏற்றி இறக்கக் கையால் சுற்றும் வின்ச் ஒன்றும் அந்தச் சகோதரரிடமே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நோன்பு மாதம் வருவதற்குள் பாதி பல்பு போய்விடும், மாற்ற ஆள் ஏறமாட்டான்.

கேள்வி: கடற்கரைப் பள்ளி, மினாராக் கோபுரத்துக்குப் பச்சை லைட் போடலாமா?
– வாசகர், பொத்துவில்

பதில்: உங்கள் விருப்பம், எனக்குப் பச்சை பிடிக்காது. கடல் பக்கத்து முகத்தை மட்டும் இருட்டாக விடுங்கள். கடலாமைக் குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும் வெளிச்சமுள்ள பக்கம்தான் ஊரும், உங்கள் மினாரா பிரகாசமாக இருந்தால் கடலை விட்டு ரோட்டுக்கு வரும். ஊர்ப் பக்கத்துக்கு மஞ்சள் வெளிச்சம், கீழிருந்து இல்லாமல் மேலிருந்து கீழே அடிப்பதாக. உப்புக் காற்றுக்குச் சாதாரண ஸ்க்ரூ ஒரு மாரி தாங்காது, 316 ரக ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். டிரைவரை மேலே வைக்காமல் மினாராவின் அடியில் கதவுள்ள பெட்டியில் வையுங்கள், இடிதாங்கியோடு சேர்த்து திடீர் மின் ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டரும் போடுங்கள்.