எல்லைக் கோட்டில் அறுந்துபோகும் சாலைத் தரவு: கேள்வி பதில்

ஐரோப்பிய ஒன்றியத்தில் சாலைத் தொழில்நுட்பத்தை நாடுகளுக்கிடையே இணைத்து ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: 2010-லேயே இதற்கென ஒரு சட்டம் வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன் ஒருங்கிணைப்பு ஒருங்கிணைப்பு என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள்?

நீங்கள் சொல்வது 2010/40 பணிப்புரை. பணிப்புரை என்றால் இலக்கை ஒன்றியம் சொல்லும், சட்டத்தை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக எழுதிக்கொள்ளும். அதிலும் இது, "செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்" என்றுதான் பெரும்பாலும் சொன்னது. செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. விருப்பமுள்ள நாடு செய்தது, மற்றது காத்திருந்தது. 2023/2661 திருத்தம்தான் சில வகைத் தரவையும் சேவைகளையும் கட்டாயமாக்கியது. அதை நாட்டுச் சட்டங்களில் சேர்க்க 2025 டிசம்பர் 21 வரை அவகாசம் தந்தார்கள்.

இடையில் நேரடியாகக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதிகளும் வந்தன. 886/2013 அவற்றில் ஒன்று. வழுக்கும் சாலை, எதிர்த்திசையில் வரும் வண்டி, சாலையில் விலங்கு அல்லது ஆள் என எட்டு வகை ஆபத்துகளைப் பட்டியலிட்டு, அவை பற்றிய தகவலை முடிந்தவரை கட்டணமின்றித் தரச் சொல்கிறது. நடைமுறையில் பலன் தந்தது இந்தச் சின்ன விதிதான் என்பது என் கணிப்பு.

கேள்வி: எல்லா நாடுகளும் டேட்டெக்ஸ் 2 (சாலைத் தரவைப் பரிமாறுவதற்கான ஐரோப்பியத் தரநிலை) வடிவத்தில்தான் போக்குவரத்துத் தரவை வெளியிடுகின்றன. ஆனாலும் நாட்டுக்கு ஒரு நிரல் எழுத வேண்டியிருக்கிறது. எங்கே கோளாறு?

மூன்று இடங்களில் பாருங்கள்.

முதலாவது, பதிப்பும் சொந்தச் சேர்க்கைகளும். ஒரு நாடு 2-ஆம் பதிப்பில் நிற்கும், அடுத்தது 3-க்குப் போயிருக்கும். போதாததற்குத் தரநிலை அனுமதிக்கும் நீட்சிகளைப் பயன்படுத்தித் தங்களுக்கென்று புலங்கள் சேர்த்திருப்பார்கள். தரநிலையில் விருப்பப்புலம் என்று இருப்பதை ஒருவர் எப்போதும் நிரப்புவார், இன்னொருவர் தொடவே மாட்டார்.

இரண்டாவது, இடத்தைக் குறிக்கும் முறை. அலர்ட்-சி, அதாவது சாலையிலுள்ள இடங்களுக்குத் தரப்பட்ட எண் குறியீடுகள், நாட்டுக்கு நாடு வேறான அட்டவணையை நம்பி இருப்பவை. அட்டவணை எல்லையோடு முடிந்துவிடும். எல்லைக்கு இரண்டு கிலோமீட்டர் முன் தொடங்கி அந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டர் நீளும் நெரிசலை அதில் ஒரே நிகழ்வாகச் சொல்ல வழியில்லை, இரண்டாக உடைந்துதான் வரும். ஓபன்எல்ஆர் என்ற இடம் குறிக்கும் முறை குறிப்பிட்ட வரைபடத்தைச் சாராதது. இரண்டையும் சேர்த்தே அனுப்பும்படி வெளியிடுபவரிடம் கேளுங்கள்.

மூன்றாவது நேரம். தரவு ஊட்டத்தில் நேர வலயம் எழுதாமல் விடுவது சாதாரணமாக நடக்கிற தவறு. வண்டிக்குப் போகும் செய்திகளில் இதைவிட நுட்பமான பொறி உண்டு. அங்கே நேரம் 2004 ஜனவரி 1-இலிருந்து மில்லிநொடிகளாக எண்ணப்படுகிறது, இடையில் சேர்த்த லீப் நொடிகளும் (பூமியின் சுழற்சியோடு கடிகாரத்தைப் பொருத்த எப்போதாவது கூட்டும் ஒரு நொடி) கணக்கில் வரும். 2007 ஜனவரி 1 நள்ளிரவுக்கான சரியான மதிப்பு 94694401000. கடைசிப் பூஜ்யங்களுக்கு முன்னால் நிற்கும் அந்த 1 தான் லீப் நொடி. இன்றைக்கு அந்த வித்தியாசம் 5 நொடி. ஒரு நாட்டின் கருவி லீப் நொடியை மறந்தால் அதன் செய்திகள் எல்லாம் 5 நொடி பழையவையாகத் தெரியும், கண்டிப்பான மென்பொருள் அவற்றைத் தள்ளிவிடும்.

கேள்வி: சாலைப்பணி ட்ரெய்லரிலிருந்து எச்சரிக்கை ஒலிபரப்புகிறோம். சில வண்டிகள் காட்டுகின்றன, சில காட்டவில்லை. எதிர்ப்பக்கத்தில் போகிறவர்களுக்கும் வந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கத்தில் வருவது ஏறக்குறைய எப்போதும் தடப்பாதைப் பிழை. டென்ம் செய்தியில் (ஆபத்து எச்சரிக்கைக்கான செய்தி வகை) நிகழ்விடத்தோடு, அதை நோக்கி வரும் வழியின் புள்ளிகளையும் அனுப்ப வேண்டும். வண்டி தன் பாதையை அதோடு ஒப்பிட்டுத்தான் "இது எனக்கானது" என்று முடிவு செய்கிறது. புள்ளிகள் இல்லாவிட்டாலோ ஒன்றிரண்டு மட்டும் இருந்தாலோ வெறும் தூரத்தை வைத்து முடிவெடுக்கும். ட்ரெய்லரை இடம் மாற்றிவிட்டுப் பழைய தடப்பாதையையே விட்டுவைப்பதும் இதில் சேர்த்தி.

காட்டாத வண்டிகளுக்கு இந்த வரிசையில் பாருங்கள். காரணக் குறியீடு 3 தானா (சாலைப்பணி)? பழுதாகி நிற்கும் வண்டிக்கான 94-ஐப் போட்டிருந்தால் சில தயாரிப்பாளர்கள் வேறு விதமாகக் கையாளுவார்கள். செல்லுபடிக் காலம் எவ்வளவு? எதுவும் எழுதாவிட்டால் 600 நொடி. புதுப்பிக்கத் தவறினால் பத்து நிமிடத்தில் எச்சரிக்கை செத்துவிடும். வேலை முடிந்ததும் ரத்துச் செய்தி அனுப்பாமல் மின்சாரத்தை மட்டும் துண்டித்தால் அந்தக் காலம் முடியும்வரை பேய் எச்சரிக்கை உலவும். எல்லாம் சரியென்றால் சான்றிதழைச் சோதியுங்கள். அதுதான் அடுத்த கேள்வி.

கேள்வி: ஆஸ்திரியச் சாலையோரக் கருவி சொல்வதை ஜெர்மன் வண்டி எதை வைத்து நம்புகிறது?

ஒவ்வொரு செய்தியும் கையொப்பமிட்டது. கையொப்பத்துக்கான சான்றிதழைத் தருபவர்களுக்கு மேலே ஒரு வேர் அமைப்பு, ஏற்கப்பட்ட வேர் அமைப்புகளின் பெயர்கள் ஒரே ஐரோப்பிய நம்பிக்கைப் பட்டியலில். அந்தப் பட்டியலை ஒன்றியத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. சோதனைக்கு எல்0, முழுப் பயன்பாட்டுக்கு எல்2, இடையில் எல்1 என மூன்று நிலைகள். எல்0 சான்றிதழோடு முன்னோட்டம் நடத்தி, திறப்பு விழாவுக்குப் பிறகும் அதையே விட்டுவைத்தால் சந்தையில் விற்கும் வண்டிகள் ஒரு சத்தமும் இல்லாமல் அந்தச் செய்திகளை ஒதுக்கும். பிழைச்செய்தி எங்கும் வராது, அதனால் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

கேள்வி: வண்டிகள் தங்கள் இருப்பிடத்தை ஒலிபரப்பிக்கொண்டே போனால் யாரும் பின்தொடரலாமே?

அதற்காகத்தான் வண்டிகளுக்குக் குறுகிய காலப் புனைபெயர்ச் சான்றிதழ்கள், அவையும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனாலும் நொடிக்கு 1 முதல் 10 முறை போகும் காம் செய்திகள் (வண்டி தன் இருப்பிடத்தையும் வேகத்தையும் சொல்பவை) தனிநபர்த் தரவே என்று ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் குழு 2017-இல் சொல்லிவிட்டது. சேகரிக்கும் சாலை நிர்வாகம் சட்ட அடிப்படையைக் காட்ட வேண்டும். "புனைபெயர்தானே" என்பது பதிலாகாது.

கேள்வி: வண்டிகளுக்குச் செய்தி அனுப்புவது வைஃபை வழியா, மொபைல் வழியா என்ற சண்டை முடிந்ததா?

இல்லை. 5.9 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 30 மெகாஹெர்ட்ஸை (5875–5905) ஒன்றியம் 2008-லேயே ஒதுக்கிவிட்டது. அதில் எந்தத் தொழில்நுட்பம் என்பதில்தான் தகராறு. வைஃபை குடும்பத்தைச் சேர்ந்த ஐடிஎஸ்-ஜி5-க்குச் சாதகமாக ஐரோப்பிய ஆணையம் 2019 மார்ச்சில் கொண்டுவந்த விதியை, ஜூலையில் உறுப்பு நாடுகளின் மன்றம் நிராகரித்தது. அமெரிக்கா 2020-இல் வேறு வழியில் போனது: 1999-இல் ஒதுக்கிய 75 மெகாஹெர்ட்ஸில் 45-ஐப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டு, மிச்சம் 30-ஐ மொபைல் வழி முறைக்குக் கொடுத்தது. இரண்டு வகையும் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காது. எனவே ஐரோப்பாவில் சாலை நிர்வாகங்கள் அதே செய்தியை இணையம் வழியாகவும் அனுப்புகின்றன. ஐரோப்பியச் சாலை நிர்வாகங்கள் சேர்ந்த சி-ரோட்ஸ் கூட்டமைப்பு அதற்கு ஏஎம்க்யூபி 1.0 என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறையை வைத்து ஒரு பொது இடைமுகம் வகுத்திருக்கிறது.

அந்த வழியில் ஒரு எச்சரிக்கை. செய்திகள் வரைபடக் கட்டங்களைக் கொண்டு வடிகட்டப்படும். அனுப்புபவர் தன் நாட்டுக் கட்டங்களை மட்டும் எழுதினால், எல்லையை நோக்கி அந்தப் பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குச் செய்தி போகாது. ஆபத்து இருக்கும் கட்டத்தை மட்டும் எழுதாதீர்கள், யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்கள் இருக்கும் கட்டங்களையும் சேருங்கள்.

கேள்வி: சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் 5.9 கருவி வைத்தால் கட்டணம் வசூலிப்பதில் தடை வருமா?

வரும். மைக்ரோவேவ் சுங்கம் 5795–5815 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, பக்கத்து வீடு மாதிரி. சாவடிகளைச் சுற்றிப் பாதுகாப்பு வட்டம் குறித்து, அதற்குள் வண்டிகள் அனுப்பும் ஆற்றலைக் குறைக்க வேண்டும் என்பது விதி. புதிய சாவடி திறக்கும்போது அந்த இடப்பட்டியலில் சேர்க்க மறப்பதுதான் வழக்கமான கோளாறு.

கேள்வி: லாரி நிறுவனம் நடத்துகிறோம். கண்ணாடியில் ஒரே பெட்டியை ஒட்டி எல்லா நாடுகளிலும் சுங்கம் கட்ட முடியுமா?

2019/520 பணிப்புரையின் நோக்கமே அதுதான்: ஒரு ஒப்பந்தம், ஒரு பெட்டி, ஒரு பில். ஜெர்மனி செயற்கைக்கோள் மூலம் கணக்கிடுகிறது, ஆஸ்திரியா மைக்ரோவேவ். ஆகவே லாரிக்கான பெட்டி இரண்டையும் மொபைல் தொடர்பையும் கையாள வேண்டும். சேவை நிறுவனம் பதிவு செய்த 36 மாதங்களுக்குள் குறைந்தது நான்கு உறுப்பு நாடுகளின் எல்லாச் சுங்கப் பகுதிகளையும் உள்ளடக்க வேண்டும். நான்கு என்பது எல்லாம் அல்ல. ஒப்பந்தம் போடும் முன் உங்கள் வழித்தடத்தை நாடு நாடாக எழுதிச் சரிபாருங்கள்.

அபராதம் அதிகம் வரும் இடம் சக்கர அச்சுகளின் எண்ணிக்கை. ட்ரெய்லர் மாட்டிய பின் ஓட்டுநர் பெட்டியில் அதை மாற்றவில்லை என்றால் குறைந்த கட்டணம் பதிவாகும். வெளிநாட்டு எண் என்பதால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். கட்டாதவரின் பதிவு விவரத்தை நாடுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள அதே பணிப்புரை வழி செய்திருக்கிறது.

கேள்வி: எல்லை அருகே விபத்து நடந்தால் ஈகால் (வண்டி தானாகவே செய்யும் அவசர அழைப்பு) எந்த நாட்டுக்குப் போகும்?

எந்தக் கோபுரம் பிடிக்கிறதோ அந்த நாட்டு 112 அவசர உதவி மையத்துக்கு. பக்கத்து நாட்டுக் கோபுரம் வலுவாக இருந்தால் அங்கே போகும். வண்டி அனுப்பும் 140 பைட் தரவில் இடம், திசை, சட்டக எண் எல்லாம் பொதுவான குறியீட்டு வடிவிலேயே வருவதால் மொழி தடையாகாது. அதை உடனே அடுத்த நாட்டு மையத்துக்கு மாற்றித் தரும் ஏற்பாடுதான் இரு மையங்களும் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டியது.

பெரிய தலைவலி வேறு. 2018 மார்ச் 31 முதல் புதிய மாதிரிகளில் கட்டாயமான ஈகால், தரவை 2ஜி, 3ஜி குரல் அழைப்புக்குள் ஒலியாகத் திணித்து அனுப்புவது. அந்த வலைகளை நிறுவனங்கள் நாட்டுக்கு ஒரு தேதியில் மூடுகின்றன. 4ஜி, 5ஜி வழி ஈகால் புதிய மாதிரிகளுக்கு 2026 தொடக்கத்திலிருந்தும், எல்லாப் புதிய வண்டிகளுக்கும் 2027 தொடக்கத்திலிருந்தும் கட்டாயம். ஏற்கெனவே ஓடுபவை இடையில் மாட்டிக்கொண்டன.

கேள்வி: தானே ஓட்டும் வசதி எல்லையில் அணைந்துவிடுமா?

வண்டியின் அனுமதிக்கு, தானாகத் தடத்தில் ஓட்டும் வசதி பற்றிய ஐநா ஒழுங்குவிதி 157 இருக்கிறது. சாலைப் போக்குவரத்து பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 34 பிஸ் பிரிவும் (தானே ஓட்டும் வண்டிக்கானது) 2022 ஜூலை 14 முதல் வழி விட்டிருக்கிறது. ஆனால் அந்த நாட்டுச் சாலை விதி அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டுநர் திரும்பக் கையில் எடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: இரண்டு அண்டை நாடுகள் புதிதாகத் தொடங்குகின்றன. ஒப்பந்தத்தில் எதை எழுத வேண்டும்?

குறைவாக எழுதுங்கள். நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா 2013-இல் ராட்டர்டாம்–ஃபிராங்க்ஃபர்ட்–வியன்னா வழித்தடத்துக்குக் கையெழுத்திட்டபோது எடுத்துக்கொண்டவை இரண்டே சேவைகள்: சாலைப்பணி எச்சரிக்கை, வண்டிகளிலிருந்து வரும் தரவு.

சேவை முடிவானதும், அதன் ஒவ்வொரு புலத்துக்கும் "கட்டாயம், தடை, இந்த மதிப்பு மட்டும்" என்று பொது விவரக்குறிப்பு எழுதுங்கள். "விருப்பம்" என்ற சொல் அதில் வரவே கூடாது. பிறகு ஒரு நாட்டு வண்டியை மற்ற நாட்டுச் சாலையில் ஓட்டிக் குறுக்குச் சோதனை. ஆய்வகச் சோதனை மட்டும் போதாது, மேலே சொன்ன தடப்பாதைப் பிழை ஆய்வகத்தில் தெரியாது. புதிய பதிப்புக்கு இருவரும் ஒரே தேதியில் மாறுவது, அல்லது குறிப்பிட்ட மாதங்களுக்கு இரண்டையும் ஒலிபரப்புவது, இதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தவறான எச்சரிக்கைக்கு யார் பொறுப்பு, எத்தனை மணி நேரத்தில் திருத்துவது, எந்தத் தொலைபேசி இரவிலும் எடுக்கப்படும் என்பதையும் எழுதுங்கள்.

கடைசியாகப் பணம். திட்ட நிதி கருவி வாங்கத்தான் வரும். சான்றிதழ் புதுப்பிப்பு, சிம் கட்டணம், ட்ரெய்லர் பேட்டரி ஆகியவை ஆண்டுதோறும் வரும் செலவு. அதை எந்தத் துறையின் வழக்கமான பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் போடுவது என்று ஒப்பந்தத்திலேயே குறித்துவிடுங்கள்.