முதல்முறை மருதாணி: முடியின் சுருள் போய்விடுமா?

ராத்திரி கலந்து வைத்த மருதாணி விடிந்தும் நிறம் விடவில்லை, பூசினால் சுருளும் தளர்ந்துவிடுமோ என்று நுவரெலியாவில் இருந்து கேட்டிருந்தீர்கள், தங்கச்சி.

கலவையைக் கொட்டிவிடாதீர்கள். உங்கள் ஊர்க் குளிரில் சாயம் மெதுவாகத்தான் இறங்கும். கிண்ணத்தை மூடி அடுப்புக்குப் பக்கத்தில், இளஞ்சூட்டில் வையுங்கள். மேலே பழுப்பாகி, கிளறினால் உள்ளே பச்சையாக இருக்கும். அப்போது ஒரு துளியை உள்ளங்கையில் வைத்து ஐந்து நிமிடத்தில் துடையுங்கள். செம்மஞ்சள் படிந்தால் சரி, பூசலாம்.

சுருளைப் பற்றிய பயம் வீண் பயம் இல்லை. மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயப்பொருள் முடியின் கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு முடி கனத்துச் சுருள் தளரும், அடிக்கடி பூசினால் இன்னும் கூடும். அதனால் சீப்பில் வரும் முடியைச் சேர்த்து, முதலில் அதில் பூசிக் காயவைத்துப் பாருங்கள். எலுமிச்சைச்சாறு அதிகம் வேண்டாம், சுருள் முடி ஏற்கெனவே வறண்டது. தேயிலைச் சாயத்தோடு கொஞ்சம் நெல்லித்தூள் போதும்.

‘கறுப்பு மருதாணி’ பாக்கெட்டை மட்டும் தொடவே தொடாதீர்கள். சுத்தமான மருதாணி கறுப்பு தராது. அந்தப் பாக்கெட்டில் பிபிடி (PPD) என்ற இரசாயனச் சாயம் கலந்திருந்தால் தலைத்தோலில் கொப்புளம் வரலாம்.

கழுவும்போது கண்டிஷனரை அள்ளிப் பூசி அலசுங்கள், ஷாம்பு இரண்டு நாள் கழித்து. முதலில் பளீரென்று தெரியும் செம்மஞ்சள் அதற்குள் அடங்கிவிடும். அப்புறம், காலையிலேயே பூசிவிடுங்கள். பின்னேரம் பனி இறங்கினால் முடி காயாது.