முனைவர் என்பது பட்டம், பேராசிரியர் என்பது பதவி

மதுரைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கும் வாசகி கேட்கிறார்: 2017இல் பதிவு செய்து இப்போதுதான் பிஎச்.டி. முடித்தேன், இனி பெயர்ப்பலகையில் 'பேராசிரியர்' என்று போடலாமா? மாணவர்கள் என்னை 'டாக்டர்' என்றால் பிஎச்.டி. பெறாத துறைத்தலைவருக்கு முகம் மாறுகிறது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதாததால் 'ஐந்து அம்சச் சான்றிதழ்' இல்லாமல் என் பட்டம் செல்லாது, 15,000 ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். என்ன செய்வது?

கொடுக்காதீர்கள், ஒரு ரூபாய்கூட.

முதலில் பெயர்ப்பலகை. முனைவர் என்பது நீங்கள் படித்து வாங்கிய பட்டம், வேலை போனாலும் அது உங்களோடு இருக்கும். பேராசிரியர் என்பது பதவி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி கணக்கில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், அதற்கு மேல்தான் பேராசிரியர். அதனால் 'முனைவர் இன்னார், உதவிப் பேராசிரியர்' என்று போடுங்கள், போதும். முன்னால் முனைவர், பின்னால் பிஎச்.டி. என்று இரண்டு பக்கமும் வேண்டாம். மேடையில் யாராவது மரியாதைக்குப் 'பேராசிரியர் அவர்களே' என்றால் திருத்த வேண்டியதில்லை, கல்லூரியில் பாடம் எடுப்பவர் எல்லாரையும் அப்படிச் சொல்வது நம் ஊர் வழக்கம். ஆனால் நீங்கள் கையெழுத்திடும் விண்ணப்பத்தில் அப்படி எழுதினால் அது தவறான தகவல். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரை அழைக்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும், அங்கே முனைவரைக் கலாநிதி என்பார்கள், பேராசிரியர் என்றால் அந்தப் பதவியில் இருப்பவர் மட்டும்தான்.

வகுப்பில் 'மேடம்' போதும். துறைத்தலைவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பட்டம் கேட்டிருக்க மாட்டார்கள், அவர் அனுபவம் அவருக்கு. சண்டை வருவது பெரும்பாலும் அழைப்பிதழில்தான். அவர் பெயருக்கு முன் மரியாதைக்காக 'முனைவர்' என்று அச்சடித்துவிடாதீர்கள், 'துறைத்தலைவர்' என்று பதவியைப் போட்டு முதலில் வையுங்கள், அதுவே அவருக்குரிய மரியாதை.

சரி, அந்தச் சான்றிதழ். 2009 அல்லது 2016 யுஜிசி விதிமுறைப்படி பெற்ற பிஎச்.டி.க்கு நெட், அதன் மாநில வடிவமான செட் இரண்டிலிருந்தும் விலக்கு உண்டு. ஐந்து நிபந்தனை என்பது 2009 ஜூலை 11க்கு முன் பதிவு செய்தவர்களுக்கு: ரெகுலர் முறையில் படித்து வாங்கியதாக இருக்க வேண்டும், வெளித் தேர்வாளர் குறைந்தது இருவர் மதிப்பிட்டிருக்க வேண்டும், வாய்மொழித் தேர்வு பொதுவில் நடந்திருக்க வேண்டும், ஆய்விலிருந்து இரண்டு கட்டுரை வெளியாகி அதில் ஒன்றாவது மதிப்பாய்வுள்ள இதழில் வந்திருக்க வேண்டும், யுஜிசி போன்ற அமைப்புகளின் நிதியில் நடந்த கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசித்திருக்க வேண்டும். அப்படி 2009க்கு முன் பதிவு செய்தவர் உங்கள் வீட்டிலோ துறையிலோ இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள், இதற்குப் பல்கலைக்கழகப் பதிவாளரோ, டீன் எனப்படும் கல்விப்புல முதன்மையரோதான் சான்று தர முடியும், வேறு யார் கையெழுத்தும் காகிதம்தான். நீங்கள் 2017இல் பதிவு செய்தவர், உங்களுக்கு வேண்டியது 'இந்த விதிமுறைப்படி வழங்கப்பட்டது' என்று பதிவாளர் தரும் ஒரே ஒரு தாள். அந்த ஒரு தாளுக்கு மாதக்கணக்கில் அலையவிடுகிறார்களே, அந்த இடைவெளியில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். பட்டம் தரும்போதே அதையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? எத்தனை வருடமாகக் கேட்கிறோம்.

இதே ஆட்கள்தான் பணம் கட்டினால் உடனே வெளியாகும் ஆய்விதழ், வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆன்லைன் பிஎச்.டி., கௌரவ டாக்டர் பட்டம் என்று அடுத்தடுத்து வருவார்கள். எட்-டெக் எனப்படும் ஆன்லைன் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்லூரிகளோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று யுஜிசியே 2022 அக்டோபரில் எச்சரித்திருக்கிறது. அப்புறம், அசல் சான்றிதழை யார் கையிலும், உங்கள் கல்லூரி அலுவலகத்திலும்கூட, விட்டுவைக்காதீர்கள். காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், கையோடு எடுத்து வாருங்கள்.

இந்த வாரமே பதிவாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, பதிவு செய்த நாள், பதிவு எண், வாய்மொழித் தேர்வு நாள் மூன்றையும் குறிப்பிட்டு, தற்காலிகச் சான்றிதழ் நகலை இணைத்துப் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், ஒரு மாதம் கழித்து நேரில் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.