சின்னச் சிவனொளிபாதம் ஏற முழங்கால் விடுமா?

கேள்வி: பிள்ளைகளின் விடுமுறைக்கு எல்லவுக்குப் போகிறோம். அம்மாவுக்கு 60 வயது, மகனுக்கு 9. யாருக்கும் மலை ஏறிப் பழக்கமில்லை. அங்குள்ள சின்னச் சிவனொளிபாத மலை (Little Adam's Peak) எங்களுக்குச் சரிவருமா?
– வாசகி, வவுனியா

பதில்: தாராளமாகப் போகலாம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பெரிய சிவனொளிபாதம் 2,243 மீற்றர். இது 1,141 மீற்றர்தான். எல்ல நகரமே ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் இருப்பதால் நீங்கள் ஏறப்போவது கொஞ்சம்தான். நகரத்திலிருந்து பசறை வீதியில் சுமார் 2 கிலோமீற்றர் போனால் தேயிலைத் தோட்டத்துக்குள் பாதை பிரியும். அம்மாவுக்காக அதுவரை ஓட்டோவில் போங்கள். அங்கிருந்து நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம் போதும். பெரும்பகுதி சாய்வான தோட்டப் பாதை, முடிவில்தான் படிக்கட்டு.

பலர் களைப்பது அந்தப் படிக்கட்டில்தான். தட்டையான இடத்தில் விறுவிறுவென்று நடந்து, மூச்சைச் செலவழித்துவிட்டுப் படிக்கு வருவார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு தடைப்பட்டால் நின்றுவிடுங்கள்.

காலை 6 மணிக்கே புறப்படுங்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மேலெழும்பி, மலைமுகட்டில் குளிர்ந்து பனிமூட்டமாகிவிடும். பிற்பகலில் போனவர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் உண்டு. காலையில் எதிரே எல்ல ரொக் மலை, நடுவே பிளந்த கணவாய், கீழே வெல்லவாய வீதி, அதற்கப்பால் தெற்குச் சமவெளி என்று எல்லாம் தெளிவாகத் தெரியும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை அதிகம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

முதல் முகட்டோடு அம்மாவை நிறுத்திவிடுங்கள். அடுத்த முகடுகளுக்கான ஒற்றையடிப் பாதை செங்குத்தாக இறங்கி ஏறுகிறது. கெட்டியான மண்ணின் மேல் சிறு கற்கள் உதிர்ந்து கிடப்பதால், நெல்லைக் கொட்டிய தரையில் கால் வைத்த மாதிரி வழுக்கும். பிடித்துக்கொள்ள மானாப்புல் மட்டுமே உண்டு, அதுவோ கையை அறுக்கும். மகனையும் அங்கே தனியாக விடக்கூடாது.

முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கடினம். உடம்பின் பாரத்தைத் தொடைத் தசை ஒவ்வொரு அடியிலும் தடுத்து நிறுத்த வேண்டும். அம்மா முழங்காலை லேசாக மடக்கி, பாதம் முழுவதையும் ஊன்றி, சின்ன அடியாக வைத்து இறங்கட்டும். கையில் ஒரு தடி இருந்தால் நல்லது.

கேள்வி: என்ன கொண்டுபோக வேண்டும்? செருப்போடு ஏறலாமா?

பதில்: செருப்பு வேண்டாம். அடியில் பள்ளமும் மேடுமாகப் பிடிமானம் உள்ள சப்பாத்து போதும், விலையுயர்ந்தது தேவையில்லை. ஆளுக்கு 1 லீற்றர் தண்ணீர், தொப்பி, மழை அங்கி, மகனுக்குக் கொறிக்க ஏதாவது. ஈரக் காலமென்றால் அட்டை கடிக்காமல் இருக்க நீளக் காலுறை போடுங்கள். படம் எடுக்கக் கொழுந்து நிரைக்குள், அதாவது தேயிலைச் செடி வரிசைக்குள், இறங்காதீர்கள். மழைநீர் வடிய வெட்டிய கான் செடிகளுக்குக் கீழே மறைந்திருக்கும். கால் உள்ளே போனால் கணுக்கால் பிசகிவிடும்.