மிதிக்கத் தெரிகிறது, விடத் தெரிகிறதா?

இந்த முறை வந்த சிம் ரேசிங் (கணினியில் ஆடும் கார் பந்தய விளையாட்டு) கேள்விகளில் பாதிக்கு மேல் பிரேக் பற்றித்தான். அதனால் கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அண்ணா, அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோனே விளையாட்டில் இத்தாலியின் மோன்சா பந்தயப் பாதையில் ஓட்டுகிறேன், ஜிடி3 (ஸ்போர்ட்ஸ் கார் வகைப் பந்தயக்) கார். முதல் ஷிகேனில் (வேகத்தைக் குறைக்க வைக்கும் இரட்டை வளைவு) ஒரு சுற்று அருமையாகத் திரும்புகிறது, அடுத்த சுற்றிலேயே திரும்பாமல் நேராக வெளியே போய்விடுகிறேன். வேகமாக ஓட்டுகிறவர்களின் வீடியோ பார்த்து வளைவுக்கு 100 மீட்டர் என்று காட்டும் பலகை வரை பொறுத்துத்தான் பிரேக்கை மிதிக்கிறேன். எங்கே தப்பு?
(கல்லூரி மாணவர், கோவை)

பதில்: தம்பி, முதலில் அந்த 100 மீட்டர் ஆசையைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள். அந்த நேர்ப்பாதையின் முடிவில் கார் 260 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது 7 மீட்டர் போய்விடும், அதாவது ஒரு முழு காரின் நீளத்தையும் தாண்டி. 'பலகை வந்த மாதிரி இருக்கிறதே' என்று மிதித்தால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இந்த 7 மீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும். ஒரு சுற்று அருமை, அடுத்த சுற்று அவுட் என்பதன் பாதி ரகசியம் இதுதான்.

ஐந்து மீட்டர் தள்ளி மிதித்தால் என்னதான் லாபம்? எல்லாம் சரியாக அமைந்தால் அந்த வளைவில் சுமார் 0.15 நொடி. ஆனால் அமையாமல், ஷிகேனிலிருந்து தடுமாறி வெளியே வந்தீர்களானால், அந்தக் குறைந்த வேகத்தோடு கூர்வா கிராண்டே என்ற அடுத்த நீண்ட வளைவு முழுக்க ஓடி அடுத்த ஷிகேன் வரைக்கும் அபராதம் கட்டிக்கொண்டே போக வேண்டும். எனக்கு இது புரியவே ஒரு வருடம் ஆனது.

இனி உண்மையான தப்புக்கு வருகிறேன். பிரேக்கை மிதிப்பது பெரிய வித்தை இல்லை, அதை விடுவதுதான் வித்தை. வேகம் அதிகமாக இருக்கும்போது காற்று காரைக் கீழே அழுத்துகிறது, டயருக்குப் பிடி அதிகம், அதனால் தொடக்கத்தில் தயங்காமல் பலமாக மிதிக்கலாம். வேகம் இறங்க இறங்க அந்த அழுத்தம் குறைகிறது, பிடியும் குறைகிறது. இன்னொன்று, வேகம் பாதியானால் காரிடம் இருக்கும் ஆற்றல் கால்பங்குதான் மிச்சம். கஷ்டமான வேலை முன்பாதியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் நம் கால் அது தெரியாமல் கடைசிவரை அதே பலத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். முன்டயர்கள் இருக்கிற பிடியை எல்லாம் நிற்பதற்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு எதைக் கொடுக்கும்? ஏபிஎஸ் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை, வண்டியை வளைவில் திருப்புவது இல்லை.

சரி, பயந்துபோய் ஸ்டீயரிங்கைத் திருப்பும் முன்பே காலைச் சட்டென்று எடுத்தால்? அதுவும் தப்புதான். மூக்கு மேலே எழும், முன்டயர் மேல் இருந்த பாரம் பின்னால் போய்விடும், கார் மறுபடி நேராகத்தான் போகும். கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி செய்யுங்கள். கயிற்றை மொத்தமாக விடக்கூடாது, இறுக்கிப் பிடித்தும் நிற்கக்கூடாது, கைக்குள் வழுக்கி வழுக்கி இறங்க வேண்டும். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்குப் பெடல் மேலே வரட்டும். இதைத்தான் டிரெயில் பிரேக்கிங் என்கிறார்கள்.

பயிற்சிக்கு என் சிபாரிசு: போட்டியில்லாமல் தனியாக, ஒரே கார், ஒரே அளவு பெட்ரோல், தினமும் அதே ஒரு வளைவு. 150 மீட்டர் பலகையில் மிதியுங்கள். சீக்கிரம்தான், பரவாயில்லை. பத்து சுற்று, லேப் டைமைத் திரையிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஷிகேனை விட்டு வெளியே வரும்போது எந்த இடத்தில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்க முடிந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். பத்தில் எட்டு சுற்று அந்த இடம் மாறாமல் இருந்தால் ஐந்து மீட்டர் நகருங்கள், அதற்கு முன் வேண்டாம். அப்புறம் டெலிமெட்ரியில் (ஓட்டியதைப் பதிவு செய்து காட்டும் வரைபடம்) பிரேக் கோட்டைப் பாருங்கள். ஏறும் பக்கம் செங்குத்துப் பாறையாகவும் இறங்கும் பக்கம் சரிவாகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நேராக நின்று தீப்பெட்டி மாதிரி தெரிந்தால் நீங்கள் பிரேக்கை சுவிட்ச் போலப் பயன்படுத்துகிறீர்கள். உங்கள் கோடு தீப்பெட்டியாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கேள்வி: என்னிடம் லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங், பெடல் செட் இருக்கிறது. லோட் செல் பெடல் வாங்காமல் முன்னேறவே முடியாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா சார்?
(வாசகர், திருச்சி)

பதில்: பாதி உண்மை. ஜி29 பெடலில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், பெடல் எவ்வளவு தூரம் போனது என்று அளக்கும். லோட் செல் எவ்வளவு பலமாக அழுத்தினீர்கள் என்று அளக்கும். நம் கால் தூரத்தை விட பலத்தை நன்றாக நினைவு வைத்துக்கொள்ளும், அதனால் லோட் செல்லில் ஒரே மாதிரி மிதிப்பது சுலபம். ஆனால் காசு கொடுக்கும் முன் உட்காரும் நாற்காலியைப் பாருங்கள். நான் ஆறு மாதம் உருளும் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினேன். பலமாக மிதிக்கும்போதெல்லாம் நாற்காலி பின்னால் போகும், டைல்ஸ் தரையில் பெடல் முன்னால் போகும், நடுவில் நான் ஸ்பிரிங் மாதிரி நீண்டுகொண்டிருப்பேன். இதில் எங்கிருந்து ஒரே மாதிரி மிதிப்பது? கடைசியில் பெடலைச் சுவரோடு முட்டுக்கொடுத்து வைத்து, நாற்காலியின் சக்கரங்களை ஐந்து பழைய ஷூக்களுக்குள் இறக்கிவிட்டேன். பார்க்க அசிங்கம்தான். ஆனால் அந்த வாரம் கிடைத்த முன்னேற்றம் எந்தக் கருவி வாங்கியும் கிடைக்கவில்லை.

ஜி29 பிரேக்குக்குள் ஒரு ரப்பர் துண்டு இருக்கிறது, அதனால் கடைசிப் பகுதி கல் மாதிரி இருக்கும். அங்கே மல்லுக்கட்ட முடியவில்லை என்றால் விளையாட்டின் அமைப்பில் பிரேக் காமாவை (பெடலை எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிரேக் பிடிக்கும் என்பதை மாற்றும் அமைப்பு) கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். லோட் செல்லே வாங்கினாலும் ஒன்று: உங்களால் முடிந்த உச்ச பலத்தை 100 சதவீதமாக வைக்காதீர்கள். அரைமணி நேரம் ஓட்டிய பிறகும் சலிக்காமல் தர முடிகிற பலத்தை வையுங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. மகனோடு சேர்ந்து விளையாடத் தொடங்கினேன். இடது காலால் பிரேக் பிடிக்கச் சொல்கிறான், வரவே மாட்டேன் என்கிறது.
(வாசகர், மதுரை)

பதில்: வரும் சார், ஆனால் மெதுவாகத்தான் வரும். முப்பது வருடம் கிளட்சை அடியோடு மிதித்துப் பழகிய கால் அது, அதற்கு மென்மை என்றால் என்னவென்றே தெரியாது. காரை ஓட்டாமல், பிட்டில் (பாதையோரம் கார்களை நிறுத்தும் இடம்) நிறுத்தியபடியே திரையில் தெரியும் பிரேக் பட்டையைப் பார்த்துக்கொண்டு 20, 40, 60 சதவீதத்தில் நிறுத்தி நிறுத்திப் பழகுங்கள். தினம் ஐந்து நிமிடம் போதும். ஷூ வேண்டாம், சாக்ஸ் போதும்.

ஆனால் நிஜ ரோட்டில் இந்த வேலையே வேண்டாம். புதிதாகப் பழகிய ஜோரில் நான் ஒருமுறை உறவினரின் ஆட்டோமேட்டிக் காரில் இடது காலை வைத்துவிட்டேன். பின்சீட்டில் இருந்த சாம்பார் தூக்கு முன்சீட்டுக்கு வந்தது. இன்றுவரை அந்தக் காரின் சாவி என் கைக்கு வரவில்லை.

கேள்வி: ஜிடி3யிலிருந்து ஃபார்முலா காருக்கு மாறினேன். ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரம் பூட்டிக்கொள்கிறது.
(வாசகி, சென்னை)

பதில்: ஏபிஎஸ் இல்லாத வண்டி, அதுதான் விஷயம். கண்ணை விடக் கையை நம்புங்கள். முன்சக்கரம் பூட்டும்போது ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும், புகையைப் பார்ப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். ஒரு நீண்ட நேர்ப்பாதையில், திரும்பவே வேண்டாம், முழு வேகத்திலிருந்து முழுசாக நிறுத்திப் பழகுங்கள். பூட்டுகிற அளவுக்கு ஒருமுறை, அதற்கு ஒரு மயிரிழை கீழே ஒருமுறை என்று மாற்றி மாற்றி. பிரேக் பயஸை, அதாவது முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் பலத்தைப் பங்கிடும் அமைப்பை, பின்னால் தள்ளினால் பூட்டுவது குறையும் என்று யாராவது சொல்வார்கள். குறையும்தான், பதிலுக்கு வண்டியின் வால் உங்களை முந்திக்கொண்டு வளைவுக்குள் போகும். காலைப் பழக்கிய பிறகு அதைத் தொடுங்கள்.